குறுக்கே கிடந்த அம்பு

டீ வந்ததும் குடித்துவிட மாட்டார். முதலில் கோப்பையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும். கதவின் கைப்பிடி, கணினியின் முதுகு, வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் சீட், எதுவும் தப்பாது. ஆய்வுக்கூடத்தில் இவருக்குச் ‘சூட்டக்கா’ என்று பெயர் விழுந்தது இப்படித்தான். “பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட இவ இப்படித் தொட்டுப் பாக்கல” என்று வம்புக்கு இழுப்பார் பஸ் மெக்கானிக்கான கணவர். “உங்க பஸ்ஸு சைலன்சர் வழியா வீணா விடுற சூட்டைக் கரண்டா மாத்திக் காட்டுறேன், அப்புறம் பேசுங்க” என்று உடனே பதில் வரும்.

வாய்ச்சவடால் இல்லை, அக்காவின் வேலையே அதுதான். ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் குளிர்ந்திருந்தால் மின்சாரம் தரும் பொருள்கள் உண்டு. ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது பெரும்பாலும் சூட்டையும் கடத்திவிடும். இரு பக்கமும் ஒரே சூடாகிவிட்டால் ஆட்டம் குளோஸ். “ஒரே வாசல்ல ஒருத்தன உள்ள விடணும், கூடவே ஒட்டிக்கிட்டு வர்றவன வெளியவே நிறுத்தணும். செக்யூரிட்டி வேலைதான் பாக்குறேன்” என்பார். அதற்காகப் பொடியோடு கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களைக் கலந்து, எஃகு உருண்டைகள் உருளும் ஆலையில் அரைத்து, சுடச்சுட அழுத்தி, தடித்த கறுப்பு நாணயம்போல ஒரு வில்லை எடுப்பார். துகள்களில் சூடு இடறி நிற்கும், மின்சாரம் நழுவிப் போய்விடும். அதாவது, போக வேண்டும். பல வருடங்களாக அது போகவில்லை.

ஒவ்வொரு வில்லையிலும், அதிலிருந்து அறுத்த துண்டிலும், எந்தத் திசையில் அழுத்தியது என்று வெள்ளைப் பென்சிலால் அம்பு போடுவார். வீட்டு ஃப்ரிட்ஜில் டப்பா மூடிகளில்கூட அம்புகள் உண்டு. அவை எதற்கு என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

சென்ற மாதம் ஒரு வில்லை எல்லோரையும் குதிக்க வைத்தது. சூட்டை மின்சாரமாக்கும் திறனில் அங்கே யாரும் கண்டிராத எண். அதைப் பார்க்கத்தான் ஆய்வுக்குப் பணம் தரும் கம்பெனிக்காரர்கள் இன்று வருகிறார்கள். அவர்கள் தலையாட்டினால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் அக்காவின் வேலை இந்த வருடத்தோடு சரி.

மேசையில் துண்டுகளை அடுக்கும்போதுதான் கவனித்தார். மின்சாரம் அளந்த துண்டில் அம்பு நீளவாட்டில் இல்லை, குறுக்கே கிடந்தது. மின்சாரத்தை அளந்ததோ நீளவாட்டில். அழுத்திய பொடி காகித அடுக்குபோலப் படியும். அடுக்கைத் துளைத்துப் போகச் சூடு திணறும், அடுக்கோடு ஓட மின்சாரத்துக்குக் கொண்டாட்டம். சூட்டை மேலிருந்து கீழாகவும் மின்சாரத்தைப் பக்கவாட்டிலும் அளந்து, இரண்டையும் ஒரே கணக்கில் போட்டிருக்கிறார். இதே தவறுக்காக எத்தனை மாணவர்களை வறுத்தெடுத்தவர்!

மிச்சமிருக்கும் வில்லையை நெட்டுக்குத்தாக அறுத்து அளந்தால் உண்மை தெரியும். ஆனால் இன்றைய காட்சிப்பொருளே அதுதான். அதைப்போல இன்னொன்று இல்லை.

“இப்பவா ரம்பத்துகிட்ட போறீங்க?” விஷயத்தைக் கேட்டதும் பிரிவுத் தலைவர் பதறினார். “லிஃப்ட்ல ஏறிட்டாங்க. அவங்க போனப்புறம் அறுத்துக்கலாமே.”

“தெரியாம சொல்லியிருந்தா தப்பு, அவ்வளவுதான் சார். இப்பதான் தெரிஞ்சு போச்சே.”

“எண் கொஞ்சம் குறையும். அதுக்கென்ன?”

“பாதியாக்கூட குறையலாம். என் வேலையும் கூடவே போகலாம்.” வில்லையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். பயம்தான், வேறென்ன.

தாழ்வாரத்தில் லிஃப்ட் மணி அடித்தது. தலைவர் முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். அக்கா வில்லையில் இருந்த அம்பின்மீது பென்சிலால் இன்னொரு முறை அழுத்தி வரைந்தார். அதைக் கன்னத்தில் ஒற்றினார். ஜில்லென்றிருந்தது. பிறகு இடுக்கியில் நிமிர்த்தி இறுக்கி, ரம்பத்தின் சுவிட்சைத் தட்டினார்.