எட்டுக்கால் பூச்சிக்குச் சாட்சி இல்லை

என்னைக் கடித்தது எட்டுக்கால் பூச்சி என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி. கல்யாணம் பேசி முடித்த பெண்ணின் சாட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பது எனக்கு அந்த வருஷம் தெரிந்தது. எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில், மழை பெய்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிப் போகிற கரிசல் ஊர் எங்களுடையது. நாகலாபுரம் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, வெற்றிலை மாற்றி, ஆவணியில் முகூர்த்தம் என்று முடிவாகியிருந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம், வீட்டில் குவித்திருந்த பருத்தியைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தேன். முழங்கைக்குக் கீழே சுருக்கென்றது. பார்த்தால், சாம்பல் நிறத்தில் ஒரு எட்டுக்கால் பூச்சி, அவசரமே இல்லாமல் என் கையிலிருந்து இறங்கிப் பருத்திக்குள் போனது. அம்மாவிடம் சொன்னேன்.

“அடிச்சியாட்டி?”

“இல்லம்மா, பருத்திக்குள்ள போயிட்டு.”

“அப்ப என்னத்த வச்சு பூச்சின்னு சொல்லுத? பருத்தியில கெடக்க காஞ்ச சத்தை குத்தியிருக்கும்.”

அடித்துக் கொண்டுவந்து காட்டாத பூச்சி எங்கள் வீட்டில் பூச்சி கிடையாது.

சாயங்காலம் அந்த இடம் சிவந்து தடித்தது. மறுநாள் நடுவில் கருநீலம், அதைச் சுற்றி வெளுப்பு, அதற்கும் வெளியே சிவப்பு. காய்ச்சல் அடித்தது, மூட்டெல்லாம் வலித்தது, குடித்த கஞ்சி வெளியே வந்தது. குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். ஊர் வைத்தியர் வந்து, எது கடித்ததென்று தெரியாததால் இது காணாக்கடி என்று சொல்லி, உப்பையும் புளியையும் நிறுத்தினார். நான்தான் கண்டேனே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. உப்பில்லாத கஞ்சியைக் குடித்தபோது பூச்சியின் மேல் இருந்த கோபம் வைத்தியர் மேல் திரும்பிவிட்டது.

கொப்புளம் உடைந்து தோல் கறுத்த பிறகு கோவில்பட்டிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் செத்த தோலை வெட்டி எடுத்து, மருந்து வைத்துக் கட்டினார். சில பூச்சிகளின் விஷம் சதையைத் தின்றுவிடும், ஆறும், ஆனால் தழும்பு நிற்கும் என்றார். அப்படியே ஆறியது. ஒரு ரூபாய்த் துட்டு அளவுக்கு வெளிறிய குழி நின்றது. அதன் நடுவில் ஊசியால் குத்தினாலும் எனக்குத் தெரியவில்லை. அதை நான் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

தழும்பைப் பற்றிய பேச்சு பஸ் ஏறியது. எட்டயபுரத்தில் அது தேமல், விளாத்திகுளத்தில் வெண்குஷ்டம், நாகலாபுரத்தில் இறங்கும்போது பெருவியாதி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று அம்மா புலம்பினாள். கல்யாணம் நின்றால் அதோடு போகாது. என் தங்கச்சியையும் யாரும் கேட்டு வரமாட்டார்கள். எனக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு என்று ஆகிவிடும். தொட்டால் தெரியாத தோல்தான் அந்த வியாதிக்கு அடையாளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். பயந்து செத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை.

“இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன் மதினி” என்றார். பஸ் நின்ற இடத்திலிருந்து எங்கள் வீடு வரை குடிக்கத் தண்ணீர் கிடையாது.

தொழுநோய் இன்ஸ்பெக்டர் அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளின் தோலைச் சோதிக்க வந்திருந்தார். அதை விசாரித்துக்கொண்டுதான் இவர்களும் வந்திருந்தார்கள். வியாதி இல்லையென்று அவர் சொல்லிவிட்டால் தனக்குச் சம்மதம் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. ஆள் அனுப்பி அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

“கண்ண மூடிக்கோம்மா. நான் தொட்ட எடத்த வெரலால காட்டு” என்றார் இன்ஸ்பெக்டர்.

கோழி இறகால் தொட்டார். தோளில் பட்டது, காட்டினேன். மணிக்கட்டில் பட்டது, காட்டினேன். பிறகு ஒன்றுமே இல்லை. இறகு தழும்பில் இருக்கிறது என்று தோன்றியது. காட்டிவிடலாம். இறகைத் தூக்கி வைத்துக்கொண்டு சோதிக்கிறாரோ என்றும் தோன்றியது.

“தெரியல சார்” என்றேன்.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்கவில்லை. என் முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார். விரல்களை விரிக்கச் சொன்னார். தழும்பைச் சுற்றிலும் தொட்டார். அதெல்லாம் தெரிந்தது.

“இது பூச்சிக்கடிதான். நரம்பு நல்லா இருக்கு. இவ்வளவு ஆழமான தழும்புல உணர்ச்சி கொறஞ்சுதான் இருக்கும்” என்றார். எனக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

“அதெப்படி சார்? தொட்டது தெரியலன்னு அவளே சொல்லுதாளே” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவின் கையைப் பார்த்தார். புறங்கையில் எண்ணெய் சுட்ட தழும்பு ஒன்று நீளமாக ஓடியது.

“அதுலயும் அப்பிடித்தான் இருக்கும்மா. கைய நீட்டுங்க, தொட்டுக் காட்டுதேன்.”

அவர் கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். “எனக்கு எதுக்கு?” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“கண்ண மூடுங்க அத்தே. நான் மூடுனேன்லா” என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அத்தை அந்த இறகையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த இரண்டு பெண்களும் அவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அத்தை அதைப் பார்த்தார்.

“மதினி, பந்தக்கால் என்னைக்கு ஊணுதீங்க?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாளைச் சொன்னாள். அத்தை தலையாட்டினார். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.