பத்தி நுளம்புக்குப் பயந்து ஓடி வரவில்லை

விட்பியில் ஒரு டயர்க் கடையில், குளிர்காலச் சக்கரங்களைக் கழற்றக் காரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். றெஜினாவின் அழைப்பு வந்தது. பத்தியின் மனைவி காலை வேளையில் என்னைக் கூப்பிடுகிறவர் அல்ல. "தேவண்ணை, அவர் போயிட்டார்" என்றார். "எங்கை?" என்று கேட்டேன். மடையன் மாதிரி அப்படித்தான் கேட்டேன். அவர் அழவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. கடைக்காரர் வந்து பிரேக்கும் தேய்ந்திருக்கிறது, மாற்றவா என்று கேட்டார். ஓம் என்று தலையை ஆட்டினேன். எழும்பி எங்கேயும் போக மனம் வரவில்லை. இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இந்த வருடத்தில் நான் எழுதுகிற மூன்றாவது அஞ்சலி இது. "இனி ஒருத்தரும் சாகக்கூடாது, எனக்குக் களைச்சுப்போச்சு" என்று வீட்டில் சொன்னேன். "அப்ப முதல் நீங்கள் போங்கோ, வேற ஆரும் எழுதட்டும்" என்றார் என் மனைவி. அவருக்கும் அலுத்துவிட்டது. நான் எழுத உட்கார்ந்தால் வீட்டில் யாரும் தொலைக்காட்சி பார்க்க முடியாது.

பத்திநாதனை உங்களில் பலருக்குத் தேவாலயத்தில் தெரியும். பெருநாளுக்குக் கதிரை அடுக்குகிறவர், பாட்டுக்குக் குரல் பிந்தி வருகிறவர், யாரைக் கண்டாலும் சிரிக்கிறவர். அதையெல்லாம் இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். நான் எழுதப்போவது அவர் ஒரு பிக்கப் வண்டி வாங்கிய கதையை. அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது ஒப்புக்கு எழுதியதாகிவிடும்.

ரெக்ஸ்டேலில் ஒரு குளிரூட்டிய வேர்ஹவுஸில் நானும் அவரும் பத்தொன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். பெரிய லொறிகளுக்குச் சாமான் ஏற்றுகிற பகுதிக்கு அவர் பொறுப்பு. கையில் ஒரு கிழிந்த பெட்டி மட்டையும் ஒரு கறுப்பு மார்க்கரும் இருக்கும். எது எவ்வளவு பாரம், முன்னுக்கு எது, பின்னுக்கு எது என்று மட்டையில் எழுதித்தான் ஏற்றுவார். ஒருநாள் மனேஜர் வந்து, கிடக்கிற இறைச்சிப் பெட்டிகளையும் இதிலேயே ஏற்றிவிடு, கொஞ்சம் கூடினால் என்ன என்று நெருக்கினார். பத்தி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மனேஜர் கத்தினார். அவர் போனபிறகு பத்தி என்னிடம் தமிழில் சொன்னார்: "லொறி ஓடுறவன் சம்மதிக்கலாம், மச்சான். பக்கத்து லேனிலை வாற சனத்தை ஆர் கேட்டது?" அந்த மாதம் முழுக்க அவருக்கு ஓவர்டைம் கிடைக்கவில்லை.

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு மெஷின். தினமும் படுக்கும்போது அதை வயிற்றுக் குழாயில் கொழுவிக்கொண்டு படுக்க வேண்டும். அதற்குரிய டயாலிசிஸ் திரவம் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்து இறங்கும். ஒரு பெட்டி இருபத்தெட்டு இறாத்தல். ஒரு இரவுக்கு ஒரு பெட்டி. பேஸ்மென்ட் சுவர் தெரியாது, அவ்வளவு பெட்டி. "வேலையை விட்டாலும் வேர்ஹவுஸ் என்னை விடேல்லை, பாத்தியோ" என்று சிரிப்பார்.

மூன்று கோடைகாலம் வீட்டோடு கிடந்தார். மெஷினைவிட்டு ஓரிரவுகூட விலக முடியாது. அப்போதுதான் ஒரு தாதி சொல்லியிருக்கிறார், மின்சாரம் உள்ள கோடைகால முகாம் இடம் என்றால், வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ட்ரெயிலர் வீட்டுக்குள் மெஷினை வைத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம் என்று. அன்றிலிருந்து மனிதருக்கு அதே கதைதான். ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கினார். வடக்கே ஒரு ஏரிக்கரையில் பத்து நாளுக்கு இடம் பிடித்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற றெஜினா, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தொடர்ச்சியாகப் பத்து நாள் லீவு எடுத்தார். மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து போக பத்திக்கு விருப்பமில்லை. "குழாயோடை நான் படுத்துக் கிடக்கிறதைச் சனம் வந்து பாக்க வேண்டாம். நானும் றெஜினாவும் போறம்." ட்ரெயிலரை இழுக்க ஒரு பிக்கப் மட்டும் பாக்கி. அதைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு திரிந்தார்.

நான் நினைத்தேன், ஒரு சனிக்கிழமை வேலை என்று. ட்ரெயிலரின் பாரம் இவ்வளவு, பிக்கப் இழுக்கும் பாரம் அவ்வளவு, முடிந்தது கதை. பத்திக்கு அப்படி இல்லை. ஸ்கார்பரோவில் முதல் கடையில், இது எட்டாயிரம் இறாத்தல் இழுக்கும் என்று விற்பனையாளர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பத்தி என் பக்கம் திரும்பி, "இழுக்கிறது எல்லாம் இழுக்கும். எவ்வளவு காவும் எண்டு கேள்" என்றார். ட்ரெயிலரின் கழுத்து பிக்கப்பின் முதுகில் அழுத்துகிற பாரம், இருக்கிற ஆட்கள், பின்பெட்டியில் ஏற்றுகிற சாமான் எல்லாம் சேர்த்து வண்டி தன் முதுகில் சுமந்து காவக்கூடிய அளவு ஒன்று உண்டு. அது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். விளம்பரத் தாளில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். வண்டியின் வசதி கூடக் கூட அந்த எண் குறையும். "கதிரைக்குத் தோல் போட்டு, கூரையிலை கண்ணாடியும் போட்டால் எனக்கு ரெண்டு பெட்டி போச்சு" என்பார். மற்றவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். இவர் கதவைத் திறந்து குனிந்து ஸ்டிக்கரை வாசித்துவிட்டு, மூடிவிட்டு நடந்துவிடுவார். விற்பனையாளர்கள் எங்களைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க மாட்டேன்.

வீட்டில் குளியலறைத் தராசை ஹோலுக்குக் கொண்டுவந்து வைத்து எல்லாவற்றையும் நிறுத்தார். சோற்றுப் பானை, ஐஸ் பெட்டி, தண்ணீர்க் கலன், மெஷின். றெஜினா மட்டும் ஏற மறுத்துவிட்டார். "நூற்று நாப்பது எண்டு எழுதுங்கோ." பத்தி மட்டையில் நூற்றைம்பத்தைந்து என்று எழுதினார். அதை றெஜினா கண்டுவிட்டார். "அப்பா, யூ ஆர் ஸோ டெட்" என்று மகள் ஸ்ரெஃபனி சிரித்தாள். அன்று பின்னேரம் அந்த வீட்டில் எனக்குக்கூடத் தேநீர் கிடைக்கவில்லை. கடைசியில் மட்டையில் வந்த கணக்கு இதுதான்: பழைய ட்ரெயிலருக்குள் பாரம் ஏற்ற முடியாது; பிக்கப்பிலேயே பத்து நாளுக்குப் பத்துப் பெட்டியோடு போவதென்றால் ஆயிரத்து நானூறு இறாத்தல் காவுகிற பிக்கப் வேண்டும்.

ஏழு சனிக்கிழமை திரிந்தோம். ஒன்று காவும், விலை எட்டாது. ஒன்று விலை எட்டும், காவாது. வெள்ளிக்கிழமை இரவு வேலை முடித்துவிட்டு, சரியாகத் தூங்காமல் நான் காரை எடுப்பேன். எனக்கு முழங்கால் நோ. வீட்டில் மனைவியின் முகம் நீண்டுகொண்டே போனது. ஏழாவது சனிக்கிழமை ஒஷாவாவில், நல்ல வெயில். ஒரு சாம்பல் நிறப் பிக்கப். பழையதுதான், ஆனால் துப்புரவானது, விலையும் அவர் கைக்கு எட்டுகிற விலை. அன்றைக்குப் பத்திக்கு வயிற்றுக் குழாய்ப் பக்கம் நோவு. குனிய முடியவில்லை. "நீ ஒருக்கா வாசி, மச்சான்" என்றார். நான் கதவைத் திறந்து குந்தினேன். ஆயிரத்து இருநூற்று நாற்பது என்று தெளிவாக அச்சடித்திருந்தது. "ஆயிரத்து நானூற்று இருபது" என்றேன்.

கண் பிழைக்கவில்லை. தெரிந்துதான் சொன்னேன். கொம்பனிக்காரன் எப்படியும் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவான், நூற்றெண்பது இறாத்தல் ஒரு ஆளின் பாரம், அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல இருந்தது. எட்டாவது சனிக்கிழமை என்று ஒன்று வரக்கூடாது என்று இருந்தது. பத்தி என் தோளில் தட்டி, "அப்பாடா" என்றார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். திரும்பக் கொடுக்க முடியாத விற்பனை.

ஜூலையில் போனார்கள். நாலாம் நாள் இரவு கழிந்ததும் திரும்பி வந்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டோம். "நுளம்பு, மச்சான், நுளம்பு! உடம்பிலை இருக்கிற கொஞ்ச நல்ல ரத்தத்தையும் குடிச்சுப்போட்டுது. ஓடி வந்திட்டம்" என்றார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தேவாலய மண்டபத்தில் 'நுளம்புப் பத்தி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கிறிஸ்து பிறப்பு நத்தார் ஒன்றுகூடலில் அவருக்கு ஒரு நுளம்புச் சுருள் பெட்டியைப் பரிசாகக் கட்டிக் கொடுத்தது நான்தான். வாங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தக் கோடையோடு சரி. இலையுதிர்காலத்தில் வயிற்றில் கிருமி பிடித்து, குழாயைக் கழற்றி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்கிற நிலைக்கு வந்தார். ட்ரெயிலர் முற்றத்தில் பனி மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பல நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் கதைப்பார். பிக்கப்பைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. எனக்கும் அது மறந்தே போய்விட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

செத்தவீடு முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, பிக்கப்பை விற்றுத் தரும்படி றெஜினா கூப்பிட்டார். கராஜில் அதைத் துப்புரவாக்கும்போது கதிரைக்குப் பின்னால் ஒரு மட்டை அகப்பட்டது. பத்தியின் கையெழுத்து. மேலே 1420 என்று எழுதி வெட்டி, பக்கத்தில் 1240 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. கீழே பெட்டி, பெட்டி என்று பத்து வரி. அதில் ஆறு வரி வெட்டப்பட்டிருந்தது. பத்தொன்பது வருடம் ஒரு இறாத்தலைக்கூட அளவுக்கு மேல் ஏற்றி அனுப்பாத மனிதர், தன் மருந்தைத்தான் இறக்கி வைத்திருக்கிறார். அந்த ஆறு பெட்டியை உன் காரில் கொண்டுவந்து தா என்று கேட்டிருந்தால் நான் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால் ஏன் என்று நான் கேட்டிருப்பேன். அதற்காகத்தான் கேட்கவில்லை. நான் மட்டையைப் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

றெஜினா வந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்தார்.

"தெரியும், தேவண்ணை. வாங்கின அடுத்த நாளே ஸ்டூலைப் போட்டு இருந்து அவரே வாசிச்சவர். உங்களை நல்லா ஏச நான் ஃபோனை எடுத்தனான். அவர் பறிச்சுப்போட்டார். 'விடு. ஏழு சனிக்கிழமை எனக்காக அலைஞ்சவன். களைச்சுப்போனான். இதைக் கேட்டால் பிறகு வெக்கத்திலை இந்தப் பக்கம் வரமாட்டான். எனக்கெண்டு வாறதுக்கு வேற ஆர் இருக்கினம்' எண்டார்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் முடியாது.

"கடைசி நாள் காலமை காலைத் தண்ணிக்குள்ளை விட்டுக்கொண்டு இருந்தவர். 'இன்னும் ஒரு நாள் நிண்டால் எப்பிடி இருக்கும், றெஜினா' எண்டு கேட்டார். நான் என்ன சொல்லுறது? பெட்டி முடிஞ்சுது. அவர் உங்களை மன்னிச்சிட்டார், தேவண்ணை. ஆனா அந்த ஆறு நாள் அவருடையது மட்டுமில்லை, என்ரையும்தான்."

இதை மலரில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. இனி ஒருத்தரும் அவரை நுளம்புக்குப் பயந்து ஓடி வந்தவர் எண்டு சொல்லக்கூடாது" என்றார்.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, இதுதான் நடந்தது. பத்தி என்னிடம் விட்டுப்போனது ஒரு சிரிப்பு. அந்த நத்தார் ஒன்றுகூடலில், நான் கொடுத்த நுளம்புச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கச் சிரிக்க, எல்லாம் தெரிந்தவராக என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு. அதற்குள் கோபத்தை எத்தனையோ தரம் தேடிப் பார்த்துவிட்டேன். கொஞ்சம்கூட இல்லை.