இரண்டு நட்சத்திரக் குறிப்புகள்

‘பட்டனைத் தட்டினால் போதும், டாக்குமென்டேஷன் தானாக வந்துவிடும்’ என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை, கொட்டாவிதான் வருகிறது.

நான்கு வருஷமாக நான் கட்டி அழுதது ஒரு சின்ன இணைப்பு நிரல். வெப்சைட் கட்டுகிறவர்கள் தங்கள் ஃப்ரேம்வொர்க்கோடு அதைச் சேர்த்துக்கொண்டால், தேதி தேர்ந்தெடுக்க ஒரு காலண்டர் வரும். அவ்வளவுதான். அதற்கு டாக்குமென்டேஷன் என்கிற விளக்கத் தளம் வேண்டும், வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேண்டும் என்றார் மேனேஜர். அன்றைக்கு நாலு மணிக்கு ஹைதராபாத் குஷாய்குடாவில் மகளின் பள்ளி ஆண்டு விழா. ஆடப்போகிறாள். வீட்டுக்கு இரண்டே பாஸ். இந்தமுறை கட்டாயம் வருவேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

வேலை என்னவோ லேசானதுதான். நிரலுக்குள் இரண்டு நட்சத்திரக் குறி போட்டு எழுதிய குறிப்புகளை அதற்கென்றே இருக்கும் ஒரு கருவி பொறுக்கியெடுத்துப் பக்கங்களாக அடுக்கிவிடும். ஒற்றை நட்சத்திரம் போட்டதைத் தொடாது. அது நமக்கு மட்டும். மதியம் வீட்டிலிருந்தே கருவியை ஓட்டினேன். பத்து நிமிஷத்தில் தளம் பளிச்சென்று வந்து நின்றது. முதல் பக்கத்திலேயே என் தமிழ்: ‘இது ஏன் ஓடுகிறது என்று எனக்கே தெரியாது. சாமி காப்பாற்று.’

டீமில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தைரியத்தில் நாலு வருஷப் புலம்பலையும் நிரலுக்குள்ளேயே கொட்டி வைத்திருந்தேன். பழக்கதோஷம், எல்லாவற்றுக்கும் இரண்டு நட்சத்திரம். பாதி இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ் என்பதால் தேடி அழிக்கவும் வழியில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டே வந்தேன். கண் எரிந்தது.

மூன்றரை மணிக்கு ஒரு குறிப்பில் கை நின்றது. ‘இன்று பாப்பாவின் ஆண்டு விழா. இதை முடித்துவிட்டு ஓட வேண்டும்.’ போன வருஷம் எழுதியது. அன்றைக்கு நான் ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. மிச்சத்தை எவன் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று லேப்டாப்பை மூடிவிட்டு, எங்கள் மெட்டுகுடா முனையில் ஆட்டோ பிடித்தேன்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் பாஸ் கேட்டார். உள்ளே இருந்த கணவருக்குப் போன் போட்டேன்.

“வந்துட்டியா? உன் பாஸை மாடிவீட்டு அக்காட்ட குடுத்துட்டாளே பாப்பா. காலைலயே குடுத்துட்டா” என்றார்.

கேட்டுக்கு வெளியே நின்று பாட்டை மட்டும் கேட்டேன். எது அவளுடைய பாட்டு என்றுகூட எனக்குத் தெரியாது.

முடிந்ததும் மை, ஜரிகையோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்துத் திகைத்தாள்.

“காய்கூ அம்மா? ஆபீஸ் லேதா?”

ஏன் வந்தாய், ஆபீஸ் இல்லையா என்று இந்த ஊர் உருதுவும் தெலுங்கும் கலந்து கேட்கிறாள். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.