தேவதாரு சதுப்பில் மூன்று நாள்

விஸ்கான்சினின் வடக்குக் காட்டோரத்து மண்சாலைகளில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள் மார்லிஸ் ப்ரூசாக். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும் காரின் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடக்காலை எட்டிப்போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஜன்னல் வழியே ஒவ்வொரு தபால்பெட்டியாகக் கடிதங்களைச் செருகிப் போவாள். பனி எவ்வளவு கொட்டினாலும் மதியத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தபால் போய்விடும். பேச்சு கம்மி. ஆனால் கேலி செய்தவர்கள் யாரும் பதில் வாங்காமல் போனதில்லை.

அவளைக் கேலி செய்ய ஊருக்குக் கிடைத்தது அவளுடைய வில். மற்றவர்கள் சக்கரமும் கம்பியும் குறிபார்க்கும் கண்ணாடியும் வைத்த வில்லோடு காட்டுக்குப் போகும்போது, இவள் வெறும் மரவில்லோடு போவாள். அதையும் வீட்டின் நிலவறையில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தானே செதுக்கியிருந்தாள். தேவதாரு அம்பு, வான்கோழி இறகு.

"மார்லிஸ், அந்த விறகை இங்க குடு, அடுப்புக்காவது ஆகும்" என்பான் மதுக்கடைக்காரன் டெல்பர்ட்.

"உன் வில்லுல இருக்கற சக்கரத்தக் கழட்டி உன் லாரிக்கு மாட்டு. அதாவது நேரா ஓடும்" என்பாள்.

பதினைந்து எட்டு நடைத் தூரத்துக்கு மேல் தள்ளி நிற்கும் மான் மீது அவள் அம்பு விட்டதே கிடையாது. வேட்டைக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் எய்த மான்களெல்லாம் கண்ணெதிரே, இல்லையென்றால் கூப்பிடு தூரத்தில் விழுந்திருக்கின்றன. அந்த அக்டோபர் வரை.

அன்று வியாழக்கிழமை, அவளுக்கு விடுமுறை. விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஓக் மரத்தில் கட்டிய சிறு பலகை மேல் நின்றிருந்தாள். இளம் கிடாமான் ஒன்று, கிளை பிரிந்த சின்னக் கொம்போடு, உதிர்ந்த ஓக் கொட்டைகளைப் பொறுக்கியபடி பன்னிரண்டு எட்டுத் தூரத்துக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. நாணை இழுத்தாள். விட்டாள். நாணின் சத்தம் கேட்ட அதே நொடியில் மான் முன்னால் ஒரு அடி பாய்ந்தது. விலா எலும்புக்குள் போயிருக்க வேண்டிய அம்பு, ஒரு கை தள்ளி வயிற்றில் இறங்கியது.

மான் தலைதெறிக்க ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, ஏதோ யோசித்தபடி போவதைப்போல மெல்ல நடந்து புதருக்குள் போனது. அப்படிப் போனால் வயிற்றில் பட்டிருக்கிறது, சாக மணிக்கணக்காகும் என்று மார்லிஸுக்குத் தெரியும். நெற்றியை மரத்தில் முட்டிக்கொண்டு நின்றாள்.

உடனே பின்னால் போகக்கூடாது. துரத்தினால் அது மைல் கணக்கில் ஓடும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே எங்காவது படுத்து, அங்கேயே அடங்கிவிடும். சத்தமில்லாமல் இறங்கி, வந்த வழியே வீட்டுக்குப் போனாள். எட்டு மணி நேரம் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவன் விர்ஜில் தட்டில் போட்டுக் கொடுத்த முட்டை அப்படியே ஆறிப்போனது.

"சாப்பிடேன்."

"அது அங்க வயித்து வலியோட கெடக்குது, விர்ஜில்."

அவன் தட்டை எடுத்துப் போய்விட்டான்.

மாலை சாய்வதற்குள் தேட ஆரம்பித்தாள். ஊடுருவி வெளியே போன அம்பு தரையில் குத்தி நின்றது. அதில் பச்சைக் கறையும் கெட்ட நாற்றமும். இரத்தம் கண்ட இடத்திலெல்லாம் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தைக் கிளையில் செருகினாள். அறுபது எட்டுக்குப் பதினொரு காகிதம். அதன்பின் ஒரு முள்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் ஹார்லன் டெஸ்கியின் சதுப்பு நிலம்.

ஹார்லனும் அவளும் பதினொரு வருடமாகப் பேசுவதில்லை. அவன் நாய் அவள் முழங்காலைக் கடித்ததும், நாயைக் கட்டும்வரை தபால் கிடையாது என்று அவள் அறிவித்ததும், அவன் இரண்டு வருடம் ஊருக்குள் வந்து தன் கடிதங்களைத் தானே வாங்கிப் போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. இப்போது அவன் அனுமதியில்லாமல் வேலி தாண்ட முடியாது. மார்லிஸ் நேரே போய் அவன் கதவைத் தட்டினாள்.

ஹார்லனுக்கு அறுபத்தெட்டு வயது. பாதி மழித்த தாடியோடு வந்து நின்றான்.

"தபாலா?"

"இல்ல. வயித்துல அடிபட்ட மான் ஒண்ணு உங்க சதுப்புக்குள்ள போயிருக்கு. தேட விடுங்க."

"அந்தக் குச்சிய வெச்சா அடிச்ச?"

"ஆமா. குச்சி மேல தப்பில்ல. அடிச்சவ மேல தப்பு."

ஹார்லன் உள்ளே போய் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தான். "அந்தச் சதுப்புல எங்க குழி இருக்குன்னு உனக்குத் தெரியாது. இடுப்பு வரைக்கும் போயிடுவ. அப்புறம் உன்னையும் சேத்து நாந்தான் தேடணும்."

தேவதாரு மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நின்று நடக்க இடமில்லை. முட்டி போட்டு, பாசிமேல் உள்ளங்கையை ஊன்றி ஊன்றிப் போனாள். மான் படுத்து எழுந்த ஒரு குழிவு கிடைத்தது. அதில் உறைந்த இரத்தம். வெளிச்சம் போகும்வரை தேடிவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் தபாலுக்கு மாற்று ஆளைச் சொல்லிவிட்டு விடிந்ததும் வந்தாள். ஹார்லன் ஏற்கெனவே வேலியோரம் நின்றிருந்தான். இரண்டாவது படுக்கை கிடைத்தது. அங்கிருந்து இருபது எட்டுக்குள் ஒரு சொட்டு. அதன்பின் எதுவுமில்லை. மதியம் மழை வந்து இருந்த தடத்தையும் கழுவிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. காட்டைக் கோடுகோடாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் போய்த் திரும்பினாள்.

மூன்றாம் நாள் காலை அண்டங்காக்கைகள் ஓடைப்பக்கம் கத்தின. மார்லிஸ் ஓடினாள். கால் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். போய்ப் பார்த்தால் செத்துக் கிடந்தது மானல்ல, ராக்கூன் என்கிற சின்னக் காட்டு விலங்கு. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஹார்லன் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு மரத்தின் பட்டையை ரொம்ப நேரம் பார்த்தான்.

"போதும், மார்லிஸ்" என்றான் கடைசியில். "உன் முட்டியப் பாரு. என் நாய் கடிச்சப்பகூட இவ்வளவு ரத்தம் வரல."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் வீட்டில் காபி போட்டுக் கொடுத்தான். மார்லிஸ் சட்டைப்பையிலிருந்து அந்த வருடத்து வேட்டைச் சீட்டை எடுத்தாள். மான் கிடைத்ததும் தேதியைக் கீறி, அதன் கொம்பில் கட்ட வேண்டிய சீட்டு. ஒரு வருடத்துக்கு ஒன்றுதான் வாங்குவாள்; கீறிவிட்டால் அந்த வருடம் இன்னொரு மான் அடிக்க முடியாது. கத்தியால் வியாழக்கிழமையின் தேதியைக் கீறினாள்.

"என்ன பண்ற? மான்தான் கெடைக்கலியே. சட்டப்படி சீட்டு இன்னும் உன்னுதுதான். சீசன் முடிய ரெண்டு மாசம் கெடக்கு."

"கெடைக்கலன்னா நான் கொல்லலன்னு ஆயிடுமா, ஹார்லன்?"

அவன் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினான்.

நவம்பரில் ஊரே துப்பாக்கியோடு காட்டுக்குள் போனபோது மார்லிஸ் தபால் போட்டுக்கொண்டிருந்தாள். வில்வித்தைச் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து நின்று, நடந்ததைத் தானே ஒன்றுவிடாமல் சொன்னாள். மான் அசைந்தது என்பதைச் சொன்னாள். அது கொட்டையைப் பொறுக்கும்போது காது தன் பக்கம் திரும்பி, அது உஷாராகிவிட்டதைப் பார்த்தும் அம்பை விட்டதையும் சொன்னாள். அதை வேறு யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கமான மீன் விருந்துக்கு மதுக்கடையில் கூட்டம்; மார்லிஸும் வந்திருந்தாள். டெல்பர்ட் ஆரம்பித்தான்: "விறகு கடைசியில காலை வாரிடுச்சாமே."

மூலையில் உட்கார்ந்திருந்த ஹார்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "டெல்பர்ட், போன வருஷம் உன் சக்கர வில்லால ஒண்ண அடிச்சுத் தொலைச்சியே, எவ்வளவு நேரம் தேடுன?"

"அது... இருட்டிடுச்சு."

"இவ மூணு நாள் முட்டி போட்டுத் தேடுனா. நான் கூட இருந்தேன். மீனக் கொண்டா."

அந்த மான் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. மார்லிஸும் தெரிந்த மாதிரி ஒருநாளும் பேசியதில்லை. அடுத்த கோடை முழுக்க, வேலை முடிந்து வந்ததும் பத்து எட்டுத் தூரத்திலிருந்து ஒரு காகிதத் தட்டைக் குறிவைத்து அடித்தாள். தினம் ஒரே ஒரு அம்பு. காட்டில் முதல் அம்புதான் கணக்கு, இரண்டாவதற்கு மான் நிற்காது என்பாள்.

அக்டோபரில் மறுபடி அதே ஓக் மரத்தில் ஏறினாள். முதல் வாரத்திலேயே கொழுத்த பெட்டைமான் ஒன்று ஒன்பது எட்டுத் தூரத்தில் வந்து நின்றது. நாணைப் பாதி இழுத்தாள். மானின் காது அவள் பக்கம் திரும்பியது. நாணை மெல்லத் தளர்த்தினாள். மான் இன்னும் நாலு கொட்டையைத் தின்றுவிட்டு, வாலை ஆட்டியபடி நடந்து போனது.