என் மாத்திரையும் அவள் இதயமும்

எனக்கு பி.பி. வந்தது நாற்பது வயதில். மனைவிக்கு வந்தது மாதவிலக்கு நின்ற வருடம். அதுவரை ரத்தக்குழாய்களைத் தளர்வாக வைத்திருந்த ஹார்மோன் குறைந்துவிட்டது, சிறுநீரகமும் உப்பைப் பிடித்து வைக்கிறது என்றார் டாக்டர். உப்பைச் சிறுநீரோடு வெளியேற்ற ஒரு மாத்திரை எழுதினார்.

அவள் டீச்சர். புதுக்கோட்டையிலிருந்து குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பள்ளிக்கு பஸ்ஸில் போக வேண்டும். "கீரனூர் போறதுக்குள்ள முட்டிக்கிட்டு வருதுங்க. டிரைவர்ட்ட போயி என்னன்னு சொல்றது?"

நான் நாலு புத்தகம் படித்தவன். "என் மாத்திரையப் போடு. ரெண்டு பேருக்கும் பி.பி.தானே" என்றேன். அதோடு நின்றேனா? சிறுநீரகத்துக்கு நல்லதென்று தினமும் இளநீர், சமையலுக்கு சோடியம் குறைந்த உப்பு. டாக்டர் லைசென்ஸ் ஒன்றுதான் இல்லை.

மூன்றாவது வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவளுக்குக் கால் துவண்டது. நெஞ்சு விட்டுவிட்டு அடித்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் எழுந்து வேகமாக நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஈ.சி.ஜி. எடுத்து, ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான், அவள் பையிலிருந்த மாத்திரை அட்டையோடு என் பக்கம் திரும்பினார்.

"இது யாரு மாத்திர?"

"என்னோடது சார்."

"இது பொட்டாசியத்த வெளிய விடாது. இளநியிலயும் பொட்டாசியம், அந்த உப்புலயும் பொட்டாசியம். இன்னும் ஏறுனா இதயம் நின்னுரும் சார். ஒங்க ஒடம்பு வேற, அவங்க ஒடம்பு வேற."

அன்று முழுக்க மானிட்டரில் ஓடிய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சற்றுத் தயங்கினால் என் மூச்சும் தயங்கியது. படித்த புத்தகம் எதுவும் துணைக்கு வரவில்லை.

"டி.வி. பாக்குற மாதிரி அதையே பாக்காதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

மறுநாள் பொட்டாசியம் இறங்கியது. பஸ் விஷயத்தைக் கேட்ட டாக்டர், "நான் எழுதுன மாத்திரய ஸ்கூல் விட்டு வந்து போட்டுக்கங்கம்மா. இத அன்னைக்கே கேட்டிருக்கலாமே" என்றார்.

இப்போது எங்கள் மாத்திரைகள் வேறு வேறு அலமாரியில். ஆனாலும் தினமும் காலையில் அவள் கிளம்பும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

"உசுரோடதான் இருக்கேன். கைய விடுங்க, பஸ்ஸு போயிரும்."

விடுகிறேன், இன்னும் பத்துத் துடிப்பை எண்ணிவிட்டு.