வாப்பாவா, அத்தாவா

என் மகள் இருக்கும் கைபேசிக் குழுவில் யாரோ, "பிரியாணிக்கு உருளைக்கிழங்கு போடுவீங்களா?" என்று கேட்டார்களாம். சாயங்காலத்துக்குள் நாலு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். ஒரு கிழங்குக்கா இவ்வளவு என்று அவள் மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அட போம்மா, எண்பதுகளில் தாராவியில், நீ பேச்சு வராத கைப்பிள்ளையாக இருந்தபோதே உன்னை வைத்து இதைவிடப் பெரிய சண்டை நடந்தது என்றேன்.

அப்போது தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தேன். கூட்டாளி என்னைப் போலவே நெல்லைக் கடற்கரைக்காரர், அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவேன். என் மனைவி ராமநாதபுரத்துப் பக்கம். அவளுடைய அண்ணன், என் மச்சான், பட்டறைக்கு நூலும் ஜிப்பும் கொண்டுவந்து போடுவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் நாங்கள் மூன்று பேரும் எதிர் டீக்கடை பெஞ்சில்தான். கடைக்காரரும் திருநெல்வேலிதான், இந்து.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"பிள்ளைக்குப் பேச்சு வார நேரம். என்னைய என்னன்னு கூப்பிடச் சொல்லிக் குடுக்க? வாப்பான்னா, அத்தான்னா?"

டீ ஆறுவதற்குள் முடிய வேண்டிய பேச்சு.

"இதெல்லாம் ஒரு கேள்வியா தம்பி? வாப்பாதான்" என்றார் காக்கா.

"அதெப்படி? புள்ள எந்நேரமும் தாயோடதான கெடக்கு. அத்தாண்டுதான் வரும்" என்றார் மச்சான்.

"அத்தான்னா எங்க ஊர்ல ஆத்தான்னுல்லா காதுல விழும். மீசை வச்ச ஆளப் பாத்து ஆத்தான்னா கூப்பிடுவாவ?"

"வாப்பாண்டா மட்டும் என்னவாம்? வா, அப்பாண்டு தெருவுல போறவனக் கூப்பிடுற மாதிரி இருக்கு. கூப்பிட்டா பத்துப் பேரு திரும்பிப் பாப்பாக."

"எங்க வீட்ல ஐயாதான். சோலி முடிஞ்சுது" என்றார் கடைக்காரர். இரண்டு பேரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள்.

அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போயிற்று. யார் ஊர்த் தமிழ் சுத்தம், யார் ஊர்க் கல்யாணத்தில் கறி வேகவில்லை, போன மாதம் வந்த ஜிப்பு ஏன் பல் பல்லாகக் கழன்றது. அடுத்த வெள்ளிக்கிழமை மச்சான் தனியாக வேறு பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டில் மனைவி தட்டை டங்கென்று வைத்தாள். இரண்டுமே மூன்றெழுத்துச் சொல். அதற்குள் இத்தனை ஊரும் இத்தனை ரோஷமும் எப்படி அடங்கிக் கிடந்தன என்று நான் வாயைப் பிளந்ததுதான் மிச்சம்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் வேறு பயம். சண்டைக்குப் பயந்து பிள்ளை முன்னால் யாருமே எந்தச் சொல்லையும் சொல்வதில்லை. இப்படியே போனால் அவள் என்னைக் கூப்பிடாமலே வளர்ந்துவிடுவாளோ? பட்டறைப் பையன்கள் முதலாளியைக் கூப்பிடுவதுபோல் அவளும் என்னை 'சேட்' என்று கூப்பிட்டுத் தொலைத்தால்?

மூன்றாவது வெள்ளிக்கிழமை கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. "காலிபீலி, சும்மா எதுக்குவே சத்தம்? நீரு உம்ம தகப்பனார என்னன்னு கூப்பிட்டீரு? அதச் சொல்லும்" என்று என்னிடம் கேட்டார்.

"கூப்பிட்டதில்ல" என்றேன். "எனக்குப் பேச்சு வருமுன்னாடியே அவிய மவுத்தாயிட்டாவ."

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நாளெல்லாம் சொல்லும் சொல் என் வாயில் ஒரு தடவைகூட வந்ததில்லை. எந்தச் சொல்லானாலும் சரி, யாராவது என்னை அப்படிக் கூப்பிட்டுக் கேட்டால் போதும் என்றிருந்தது.

மச்சான் தன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வாப்பாண்டே இருக்கட்டும் மாப்ள. நீங்க சொல்லாதத அது சொல்லட்டும்."

"அது எப்படி?" என்றார் காக்கா. "பெத்தவ மனசு நோகக் கூடாது. அத்தான்னே சொல்லட்டும்."

"வாப்பாதாங்க."

"அத்தாதாங்கேன், கேக்க மாட்டீரா?"

குரல்கள் மறுபடி ஏறின. ஆளும் மாறவில்லை, சத்தமும் குறையவில்லை, கட்சி மட்டும் மாறியிருந்தது. மனுஷன் விட்டுக்கொடுப்பதற்கும் இப்படி மல்லுக்கு நிற்பானா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மனைவி பிள்ளையோடு பட்டறைக்கு வந்தாள். இடுப்பிலிருந்து இறக்கிவிட்டதும் பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. சந்துக்கு இந்தப் பக்கம் எங்களைப் பார்த்தது. கையை நீட்டியது.

"வாப்பா."

"கேட்டியளா, வாப்பான்னுட்டா" என்றார் காக்கா, தான் எந்தக் கட்சி என்பதை மறந்து.

"இல்ல இல்ல, வா, அப்பாண்டு கூப்பிடுது. அப்பாங்குறது அக்கம்பக்கத்துப் புள்ளைக பேச்சு" என்றார் மச்சான், அவரும் மறந்து.

அது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா என்று அவர்கள் பேசித் தீர்க்கட்டும். எதுவானாலும் கூப்பிட்டது என்னை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.