ஐஸ்கட்டி மேல் ஒரு விரால் நெஞ்சு

எங்கள் வீட்டில் ஐஸுக்கு மரியாதை கிடையாது. உத்திரமேரூர் ஏரிக் குத்தகைக்காரரிடம் வலை வீசுவது நைனாவின் வேலை. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் பிடித்து வருவதைச் சாலையோரம் உட்கார்ந்து வெட்டி விற்பது அம்மா. வண்டியை நிறுத்துகிறவர்கள் முதலில் கேட்பது உயிர் மீனா, ஐஸ் மீனா என்பதைத்தான். உயிர் மீன் என்றால் பேரம் பேசாமல் வாங்குவார்கள். ஐஸ் மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அதனால் விராலை அலுமினிய அன்னக்கூடைத் தண்ணீரில் விட்டு, துள்ளி வெளியே விழாதபடி மேலே வலை கட்டி வைத்திருப்போம். செத்துப்போனதுதான் தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸுக்குப் போகும்.

அந்த வருஷம் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் கொஞ்ச தூரம் ஓடினாலே அவனுக்கு உதடு நீலம் பாரித்துவிடும், குந்தி உட்கார்ந்துவிடுவான். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது இதயத்தில் ஓட்டை என்றார்கள். ஆபரேஷனுக்குச் செலவில்லை, ஆனால் தள்ளிப்போட்டால் பிள்ளை தங்காது என்றும் சொல்லிவிட்டார்கள். எப்படிச் செய்வீர்கள் என்று நைனா கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். டாக்டரம்மா நல்ல மனசோடு விளக்கமாகவே சொல்லிவிட்டார்: இதயத்தைக் குளிரவைத்து நிறுத்திவிடுவோம், அதுவரை ரத்தத்தை மெஷின் ஓட்டும், தைத்து முடித்ததும் சூடு ஏற்றுவோம், மறுபடி துடிக்கும்.

நைனா தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பெரியப்பா வந்து பேசினார், பள்ளிக்கூடத்து டீச்சர் வந்து பேசினார். எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"பொறந்ததுலேர்ந்து மீன் புடிச்சிக்கினு கீறேன். ஐஸ்ல வெச்சது எதுனா எழுந்து வந்துகீதா?"

எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகமே இருந்ததில்லை. நைனா கல்நெஞ்சக்காரர் அல்ல. தம்பி நடந்தால் மூச்சு வாங்கும் என்று கழிப்பறைக்குக்கூட இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார். பயம், அவ்வளவுதான். அம்மாவுக்கும் அதே பயம்தான்.

ஒருநாள் மதியம் கூட்டம் கலைந்த பிறகு, பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று ஒருவர் விரால் கேட்டார். அம்மா சாம்பல் போட்டு வழுவழுப்பை உரசி, வெட்டிக் கொடுத்து அனுப்பினாள். குடலோடு சேர்த்துக் காக்காய்க்கு வீசுகிற நெஞ்சை மட்டும் அன்று வீசவில்லை. வேர்க்கடலைப் பருப்பு அளவில் அவள் உள்ளங்கையில் அது துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வெட்டிய பிறகும் விரால் நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்துக்கொள்ளும். அம்மா அதை ஐஸ்கட்டி மேல் வைத்தாள். துடிப்பு மெதுவானது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போய், கடைசியில் நின்றுவிட்டது.

டீக்கடையில் வெந்நீர் வாங்கி வரச் சொன்னாள். தம்பியைக் குளிப்பாட்டுவதற்குப் பதம் பார்ப்பதுபோல விரலை விட்டுப் பார்த்து விளாவினாள். அதில் நெஞ்சைப் போட்டாள். அது கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்து, காக்காய்க்குப் போடாமல், ஓர் இலையில் மடித்துத் தள்ளி வைத்தாள்.

யாரும் கேட்காமலே இன்னொரு விராலை வெட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நைனா வந்தால் ரகளைதான் என்றேன், காதில் வாங்கவே இல்லை. இந்த முறை நெஞ்சு நின்றதும் அதிக நேரம் ஐஸில் விட்டுவைக்காமல் வெந்நீருக்கு மாற்றினாள். அது ஒருமுறை சிலிர்த்தது. சற்றுப் பொறுத்து மறுபடி. அப்புறம் விடாமல் துடித்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலும் ஒன்றை வெட்டினாள், அதுவும் திரும்பி வந்தது. நல்ல உயிர் மீனைப் பாழாக்கி விளையாடுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் நைனா சோற்றில் கை வைத்ததும் அம்மா சொன்னாள்.

"வெரால் நெஞ்ச ஐஸ்ல வெச்சேன்யா. நின்னு போச்சி. சுடுதண்ணில போட்டேன், திரும்ப அடிச்சிக்கிச்சி."

நைனாவின் கை தட்டிலேயே நின்றது. மடியில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார்.

"வெச்சது எல்லாமா?"

"எல்லாந்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நேற்றுப் பிடித்ததை இன்று காலையில் பிடித்தது என்று கூசாமல் விற்கிறவள், நைனாவிடமும் வியாபாரம் பேசுகிறாள் என்று நினைத்தேன். முதலாவதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது, குழம்பிலிருந்து நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் சாப்பிடத் தொடங்கிவிட்டேன்.

மறுவாரம் நைனா கையெழுத்துப் போட்டார். தம்பி பிழைத்தான். இன்று செங்கல்பட்டு பஸ்ஸில் ஓடிப்போய் ஏறுகிறான். ஆனாலும் எனக்கு மறக்காதது ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்த ஹால்தான். அங்கே நைனா ஆளே மாறிப்போயிருந்தார். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம் தைரியம் சொன்னார். நின்ற நெஞ்சு திரும்ப அடிக்கும், ஒன்றுகூடத் தவறாது, என் பொண்டாட்டியே கண்ணால் பார்த்திருக்கிறாள் என்று அம்மாவைக் காட்டினார். அவர்கள் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்குக் கையும் காலும் உதறிக்கொண்டிருந்தன. ஏசி குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, பையிலிருந்த துண்டை எடுத்து அவள் மேல் போர்த்திவிட்டேன்.